இயர் பிளக் வாங்கும்போது நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம்

கலியாண வீடுகளில் கமராவோடு நிற்கும்போது என் காதைப் பார்த்துவிட்டு "அதென்ன தம்பி, புளூடூத்தா?" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. சத்தத்தைக் குறைக்கக் காதுக்குள் வைக்கிற இயர் பிளக் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: எங்கே வாங்கினது, எது நல்லது, நானும் ஒன்று வாங்கலாமா. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் இதற்கெல்லாம் விளக்கமாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன், இனிக் கேட்கிறவர்களுக்கு லிங்க்கை அனுப்பிவிடலாம்.

எல்லாரும் செய்வது, கடையில் போய் "இருக்கிறதிலேயே கூடச் சத்தம் குறைக்கிறதைத் தாங்கோ" என்று கேட்பது. பெரும்பாலான ஆட்களுக்கு அது சரிவராது. காதை முழுதாக அடைக்கிற சாமானைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதனால் அரை மணித்தியாலம்கூட நிம்மதியாக இருக்க முடியாது. யாராவது கதைக்க வந்தால் கழற்றுவான், போன் வந்தால் கழற்றுவான், பிறகு சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வான். என்ன சத்தம், எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எதைக் கேட்டே ஆக வேண்டும், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு கடைக்குப் போவதுதான் முறை. கடைசிவரை காதிலேயே இருக்கிற ஒன்றுதான் நல்ல பிளக், அதன் பெட்டியில் என்ன நம்பர் போட்டிருந்தாலும்.

கழற்றுவதில் அப்படி என்ன நட்டம் என்று நினைப்பீர்கள். கணக்கு கொஞ்சம் கொடூரமானது. 30 டெசிபல் குறைக்கிற பிளக்கை எட்டு மணித்தியால வேலையில் முழு நேரமும் போட்டிருந்தால்தான் அந்த 30. இடையில் மொத்தமாக அரை மணித்தியாலம் கழற்றி வைத்திருந்தால், அன்றைய கணக்குக்குக் கிடைக்கிற பாதுகாப்பு 12 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு மணித்தியாலம் கழற்றினால் 9. பாதி நேரம் மட்டும் போட்டால் வெறும் 3, அந்த 3க்காக நூறு ரூபாய் செலவழிப்பதும் வீண். டெசிபல் என்பது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற எண் இல்லை, அடுக்கடுக்காகப் பெருகுகிற எண். 10 டெசிபல் கூடினால் காதுக்குள் போகிற சக்தி பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. அதனால்தான் அந்தக் கழற்றி வைத்த அரை மணித்தியாலம் மிச்ச ஏழரை மணித்தியாலத்தையும் விழுங்கிவிடுகிறது.

எவ்வளவு சத்தம் கூடாது என்பதற்கு உலகம் முழுக்கப் புழங்குகிற அளவு 85 டெசிபல், எட்டு மணித்தியாலம். அதிலிருந்து ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை, 100க்குப் போனால் 15 நிமிடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் வேலைத்தளப் பாதுகாப்பை ஆராய்கிற நியோஷ் நிறுவனம் சொல்கிற கணக்கு இது. அங்கேயே வேலைத்தளங்களுக்குச் சட்டம் போடுகிற ஓஷா நிறுவனம் இதைவிடத் தளர்வாக 90இலிருந்து தொடங்குகிறது, ஆனால் காது உங்களுடையது, இறுக்கமான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அளக்கிற கருவி இல்லையென்றால், கை எட்டும் தூரத்தில் நிற்கிறவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். உயர்த்த வேண்டியிருந்தால் 85ஐ எட்டிவிட்டது, கிட்டத்தட்ட நிச்சயம். போனில் அளக்கிற ஆப்களும் இருக்கின்றன. ஐபோன் என்றால் நியோஷ் தானே இலவசமாக ஒன்று விட்டிருக்கிறது. அன்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வித்தியாசப்படும் என்பதால் எண்ணை அப்படியே நம்பாமல், இந்த இடம் அந்த இடத்தைவிடச் சத்தமா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெட்டியில் போட்டிருக்கிற நம்பர், அதாவது எத்தனை டெசிபல் குறைக்கும் என்கிற எண். அமெரிக்கப் பொருட்களில் என்.ஆர்.ஆர். என்றும் ஐரோப்பியப் பொருட்களில் எஸ்.என்.ஆர். என்றும் இருக்கும். ஒரே பிளக்குக்கு எஸ்.என்.ஆர். பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக வரும், அதனால் இரண்டு பெட்டியைப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணா என்று பாருங்கள். இந்த எண்கள் ஆய்வுகூடத்தில், பொறுமையாக, சரியாக வைத்துப் பார்த்து எடுத்தவை. கொழும்புப் புறக்கோட்டையில் வியர்வை வழிய நிற்கிற ஒருவர் அவசரத்தில் சொருகுவதற்கு அவை பொருந்தாது. ஓஷா சொல்கிற வழி இது: என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 33 போட்ட ஃபோம் (ஸ்பொஞ்ச்) பிளக் என்றால் 26, அதில் பாதி 13. அதாவது 100 டெசிபல் சத்தம் 67 ஆகும் என்று பெட்டி சொன்னாலும் 87 ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நன்றாக வைக்கத் தெரிந்தவருக்கு இதைவிட நிறையக் கிடைக்கும், வைக்கத் தெரியாதவருக்கு இதுகூடக் கிடைக்காது. பெட்டியே இல்லாமல், நம்பரே இல்லாமல், சும்மா பொலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டு விற்கிறதை வாங்க வேண்டாம். அது காதுக்கு வைக்கிற ஸ்பொஞ்ச்தானா என்பதே சந்தேகம்.

வைக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கிற பாதிப் பேர் ஃபோம் பிளக்கைக் காது வாசலில் ஒட்டிவைத்துக்கொண்டு திரிகிறார்கள். முதலில் கையைக் கழுவுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல், நூல் மாதிரி மெல்லிசாக்குங்கள். சும்மா நசுக்கினால் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாகச் சத்தம் உள்ளே போகும். இப்போது மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காதின் மேல் நுனியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுக் குழாய் வளைந்தது, இழுத்தால்தான் நேராகும். இழுத்தபடியே பிளக்கை உள்ளே விட்டு, விரல் நுனியால் அமத்திப் பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உடனே விரலை எடுத்தால் அது விரிகிற வேகத்தில் தானே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சத்தத்தில் நின்றபடி இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தி எடுத்துப் பாருங்கள். பொத்தும்போது சத்தம் இன்னும் நிறையக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. பெரிதாக வித்தியாசம் இல்லையென்றால் சரி. நேரே நின்று பார்க்கிறவருக்குப் பிளக்கின் பின்பக்கம் பளிச்சென்று வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தாலும் சரியில்லை என்றுதான் அர்த்தம். என் இடது காதுக் குழாய் வலதைவிடச் சிறியது, அதற்குச் சின்ன அளவுதான் சரிவரும். இரண்டு காதும் ஒரே அளவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

என் மாமா ஒருவருக்குக் கொட்டாஞ்சேனையில் பிரிண்டிங் பிரஸ். ஒப்செட் மெஷின் ஓடும்போது அந்த அறைக்குள் கத்தித்தான் கதைக்கலாம். அவருக்கு ஃபோம் பிளக் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "இதை வச்சா மெஷின் எப்பிடி ஓடுதெண்டு எனக்கு எப்பிடியடா தெரியும்? பேப்பர் ரெண்டா இழுத்தா சத்தத்திலதான் பிடிப்பன்." அவர் சொன்னது நூறு வீதம் நியாயம். மெஷினில் நிற்கிறவருக்குக் காதும் ஒரு கருவி. ஃபோம் பிளக்கின் குணம், கீச்சுச் சத்தங்களை அதிகமாகவும் கனத்த சத்தங்களைக் குறைவாகவும் வெட்டுவது. பேப்பர் சரசரப்பு, மெஷின் பெயரிங்கின் கீச்சு, ஆட்களின் பேச்சில் வருகிற ச, த, ப எல்லாமே அந்த மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன, அவைதான் முதலில் காணாமல் போகும்.

மாமாவின் மெஷின் அறை 90 பக்கம் இருக்கும் என்று வைத்தால் அவருக்குத் தேவை 10, அதிகம் போனால் 15 டெசிபல் குறைப்பு. காதுக்குள் 75க்கும் 80க்கும் இடையில் வந்து நின்றால் போதும். 70க்குக் கீழே இறக்கினால் பாதுகாப்பு கூடுவதைவிட ஆபத்துத்தான் கூடும், பின்னால் வருகிற ட்ரொலி கேட்காது, யாராவது "நிப்பாட்டு" என்று கத்தினால் கேட்காது. ஆகவே அவருக்கு வாங்கிக் கொடுத்தது மூன்று தட்டு வைத்த சிலிக்கோன் பிளக், கழுத்தில் தொங்குகிற கயிற்றோடு. உருட்டத் தேவையில்லை, தண்டைப் பிடித்து உள்ளே தள்ளினால் சரி. மை பட்ட கையால் ஃபோமை உருட்டிக் காதுக்குள் வைப்பதைவிட இது சுத்தம், பின்னேரம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. நல்ல காதுள்ளவருக்கு, 90ஐத் தாண்டிய இரைச்சலில் பிளக் போட்டால் பேச்சு முன்பைவிடக் குறைவாக விளங்கும் என்பதில்லை. இரைச்சலும் பேச்சும் சேர்ந்தே குறைவதால் பலருக்கு இன்னும் தெளிவாகவே கேட்கும். ஏற்கெனவே காது மந்தமானவருக்கு அப்படி இல்லை, அவருக்குப் பேச்சு அடியோடு போய்விடும். மாமா எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை, இதை அவரும் வாசிப்பார்.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மண்டபங்களில் மணவறைக்குப் பக்கத்தில்தான் மேளக்காரர்களை இருத்துவார்கள், நானும் மணவறைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். தவிலின் வலது பக்கத்தை விரலில் கூடு போட்டு அடிக்கிறார்கள், இடது பக்கத்துக்குக் கழி. அந்த விரல்கூடு தோலில் விழுகிற ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் குத்தும். தாலி கட்டுகிற நேரம் இரண்டு தவிலும் சேர்ந்து வெளுத்து வாங்கும்போது என் போன் 100ஐத் தாண்டிக் காட்டும். அந்த உச்சம் சில நிமிடம்தான், ஆனால் முகூர்த்தம் முழுக்க விட்டுவிட்டு வாசிப்பு நடக்கும், ஒரு கிழமையில் இரண்டு, மூன்று கலியாணம் என்றால் கூட்டிப் பாருங்கள். அதே நேரத்தில் ஐயர் "பெண்ணைக் கூப்பிடுங்கோ" என்று சொல்வதும் எனக்குக் கேட்க வேண்டும், மாப்பிள்ளையின் அக்கா பின்னால் நின்று "தம்பி, எங்களையும் சேர்த்து எடுங்கோ" என்று சொல்வதும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிறகு அல்பம் கொடுக்கிற நாளில் கேட்பேன்.

இந்த மாதிரி இடத்துக்குத்தான் இசைக்காரர்களுக்கென்று செய்கிற ஃபில்டர் பிளக். மேல், கீழ் எல்லாச் சத்தத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், ரேடியோவின் வொல்யூமைத் திருகிக் குறைத்த மாதிரி. நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்கும், பேச்சு பேச்சாகவே கேட்கும். எட்டிமோட்டிக் என்ற நிறுவனத்தின் ஈ.ஆர். 20 இதில் பழைய, பெயர்போன ஒன்று. பெயரில் 20 இருந்தாலும் பெட்டியில் என்.ஆர்.ஆர். 12 என்றுதான் போட்டிருக்கும். நம்பரை மட்டும் பார்க்கிறவர் இதைக் கையிலேயே எடுக்கமாட்டார். இப்போது பார்க்க அழகாகவும் பல கம்பெனிகள் விற்கின்றன, வாங்கும்போது ஃபில்டர் உள்ளதா, அளவு மாற்ற இரண்டு, மூன்று நுனி தருகிறார்களா என்று பாருங்கள். ஃபோமைவிட விலை பல மடங்கு, ஆனால் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். தவில், நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணைமார் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: ஒரு கச்சேரிக்கு வேண்டாம், வீட்டுச் சாதகத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் காதில் போகிறதை என்னோடு ஒப்பிடவே முடியாது, நான் நாலடி தள்ளி நிற்கிறேன்.

பின்னேர ரிசெப்ஷன் வேறு உலகம். டீ.ஜே. ஸ்பீக்கரின் முன்னால் நிற்கிறவரை எந்தச் சட்டமும் காப்பாற்றுவதில்லை. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகர சபைப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று எண் இருக்கிறது. ஆனால் அது மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற அயலவரின் காதுக்கு, மண்டபத்துக்குள் ஆடுகிறவரின் காதுக்கு இல்லை. உள்ளே இருக்கிறவருக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஓர் அளவு சொன்னது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, விருந்தினருக்கு இயர் பிளக் கிடைக்க வேண்டும், சத்தம் குறைந்த ஒரு மூலை இருக்க வேண்டும். கொழும்பில் வாசலில் சந்தனம், கற்கண்டோடு இயர் பிளக்கும் வைக்கிற ஒரு கலியாணத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆடப் போகிறவர்களுக்கு ஃபில்டர் பிளக் போதும். ஸ்பீக்கருக்கு நேரே மேசை கிடைத்தவர்கள் மேசையை மாற்றிக்கொள்ளுங்கள், தூரத்தைப்போல மலிவான பாதுகாப்பு கிடையாது.

காதுக்கு மேல் கவிழ்க்கிற இயர் மஃப்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வீடு கட்டுகிறவர்கள். டைல் வெட்டுகிற பாஸ்மாருக்கு அதைத்தான் சொல்வேன். கிரைண்டர் 100ஐத் தாண்டும், ஆனால் வெட்டு ஒரு நிமிடம், பிறகு அளவெடுப்பு, பிறகு வெட்டு. ஒவ்வொரு முறையும் ஃபோமை உருட்டிக்கொண்டிருக்க முடியாது. மஃப் என்றால் வெட்டும்போது போட்டுக் கழற்றலாம், தூசிக் கையால் காதுக்குள் எதையும் விடத் தேவையில்லை. வைக்கிற விதத்தில் பிழைவிடுவதும் குறைவு. ஆனால் சுற்றிவர இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். கண்ணாடிக் கால், பெரிய தோடு, தொப்பி, முக்காடு, அடர்ந்த தாடி, எது இடையில் வந்தாலும் அந்த இடைவெளியால் சத்தம் புகுந்துவிடும். கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்றால் மெல்லிய கால் உள்ளதைப் போடுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் மஃப்பை நாள் முழுக்கப் போட முடியாது, குஷன் வியர்வையில் ஊறிச் சில காலத்தில் வெடித்து உரியும். உரிந்த குஷனை மாற்றாமல் போடுவது போடாததற்குச் சமம்.

கொங்கிரீட் உடைக்கிற ஜாக்ஹாமர் மாதிரி வேலைக்கு உள்ளே பிளக், மேலே மஃப் என்று இரண்டையும் போடலாம். இரண்டின் எண்ணையும் கூட்டக்கூடாது, பெரிய எண்ணோடு ஒரு 5 மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

பஞ்சு வைப்பது பற்றி: வேண்டாம். ஒரு சில டெசிபலுக்கு மேல் குறையாது, காது பாதுகாப்பாக இருக்கிறது என்ற நினைப்பை மட்டும் தரும். நீச்சலுக்கு விற்கிற பிளக் தண்ணீருக்கு. சத்தத்தை அடக்கும் ஹெட்போன் பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், விமானம் மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்துக்கு அருமை. 138ஆம் இலக்க பஸ்ஸிலோ 100ஆம் இலக்க பஸ்ஸிலோ நின்றுகொண்டு போகும்போது பாட்டின் வொல்யூமைக் கூட்டாமல் கேட்கலாம், அதுவே பெரிய நன்மை. ஆனால் வெடிச் சத்தத்துக்கும் கிரைண்டருக்கும் அதை நம்பாதீர்கள், பெட்டியில் பாதுகாப்பு எண் போட்டிருந்தால் தவிர. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் குடியிருந்து நித்திரைக்குக் கேட்கிறவர்களுக்கு மிருதுவான ஃபோம் போதும், பக்கவாட்டில் படுத்தாலும் குத்தாது. அலாரமும் கதவு மணியும் கேட்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு மஃப் மட்டும்தான். சின்னப் பிள்ளைக்குப் பிளக் வைத்தால் அதை எடுத்து வாயில் போடும். சித்திரை வருடப்பிறப்புக்கும் டிசம்பர் 31 நள்ளிரவுக்கும் வெடி கொளுத்தும்போது, தூக்கி வைத்திருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்க் கிட்டத்தில் நின்று காட்டுகிறோம். வெடி மாதிரிச் சட்டென்று வெடிக்கிற சத்தத்தில் நேரக் கணக்கே கிடையாது, ஒரு வெடி போதும். பெரியவர்களுக்கு உச்சம் 140 டெசிபல் என்றும் பிள்ளைகளுக்கு 120 என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல்கனிக் கதவை மூடி உள்ளே நின்று காட்டலாம், வெளிச்சம் அங்கேயும் வரும். மார்ச் மாதத்துப் பாடசாலைக் கிரிக்கெட் பிக் மெட்ச்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் ட்ரம்பெட்டும் ட்ரம்முமாக வாசிக்கிற பப்பரே பாண்ட் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து எதிர்ப்பக்கம் இருங்கள், மஃப் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை என்று சொல்லப்பட்டவர்கள் எந்தப் பிளக்கையும் உள்ளே விடாமல் ஈ.என்.டி. டொக்டரிடம் கேளுங்கள், மஃப் போடலாமா என்றும் கேளுங்கள். குறும்பி நிறைய இருந்தால் பிளக் அதை உள்ளே தள்ளிவிடும், அதையும் முதலில் எடுப்பித்துக்கொள்ளுங்கள். ஃபோமைக் கழுவிப் பாவிக்க வேண்டாம், அழுக்கானால், விறைத்தால், உருட்டியபின் பழைய வடிவத்துக்கு வராவிட்டால் எறிந்துவிடுங்கள். சத்தமான இடத்திலிருந்து வந்தபின் காதுக்குள் கூ என்று இரைந்தாலோ, எல்லாம் தலையணைக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தாலோ, போட்ட சாமான் போதவில்லை அல்லது போட்ட விதம் சரியில்லை. அடுத்த நாளும் இரைச்சல் நிற்காவிட்டால் பிளக்கை மாற்றுவதைப் பற்றி யோசிக்காமல் ஒடியோகிராம் என்கிற கேட்டல் சோதனை எடுக்கப் போங்கள்.